கேள்வித்தாளை மூடிவிட்டு வார்டுக்குள் வாருங்கள்: மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், எம்.எஸ்ஸி. நர்சிங், எம்.டி., எம்.எஸ். ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் என் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு செவிலியர். அரசு மருத்துவமனை வார்டுகளில் பல வருடம் டூட்டி பார்த்துவிட்டு, இப்போது ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதுகலை மாணவிகளின் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டுவதும் என் வேலை. அந்த ஆய்வேடுகளைப் பற்றித்தான் இந்த மடல்.

பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பல ஆண்டு ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். அதில் நர்சிங் பகுதிக்குப் போய், தலைப்புகளை மட்டும் வாசித்துக்கொண்டே வாருங்கள். ‘இன்ன நோய் குறித்த அறிவில் திட்டமிட்ட கற்பித்தலின் விளைவு: தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மருத்துவமனையில் ஆய்வு.’ நோயும் ஊரும் மாறும், தலைப்பு மாறாது. முப்பது கேள்வி கொடுத்து அறிவை அளப்பது, அரை மணி நேரம் பாடம் எடுப்பது, ஒரு வாரம் கழித்து அதே முப்பது கேள்வியை மறுபடி கொடுப்பது. மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறாமல் எங்கே போகும்? பாடமும் நம்முடையது, கேள்வியும் நம்முடையது. முடிவு தற்செயலாக வந்ததில்லை என்று காட்டும் புள்ளியியல் எண்ணான பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்துவிட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வும் சுபமாக முடிந்துவிடும்.

மாணவிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தகவல் திரட்ட அவர்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள். அதற்குள் முடிகிற மாதிரியும், எந்த டீனுக்கும் எந்த மேட்ரனுக்கும் சங்கடம் வராத மாதிரியும் ஒரு தலைப்பு வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தி வருவது மேலே சொன்ன தலைப்பு ஒன்றுதான்.

ஆனால் இத்தனை ஆய்வுக்கு நடுவில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. தப்பு நடக்கப்போகிறது என்று கண்ணால் பார்ப்பவர் அந்த வார்டில் பதவியில் கடைசி ஆளாக இருந்தால், அவரால் வாயைத் திறக்க முடிகிறதா? மருந்தின் அளவு நர்ஸுக்குத் தெரியுமா என்று அளந்து அளந்து பார்த்துவிட்டோம். தெரிந்த பிறகு அதைச் சொல்ல முடிகிறதா என்பதை அளக்கவே இல்லை.

வெளிநாடுகளில் இதை நிறுவனப் பண்பாடு என்ற தலைப்பின் கீழ் முப்பது வருடத்துக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஒரு மருத்துவமனையில் எங்கும் எழுதிவைக்காத, ஆனால் சேர்ந்த ஒரே மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற சட்டதிட்டங்கள்தான் அது. யாரிடம் நேராகப் பேசலாம், யாரிடம் இன்னொருவர் வழியாகத்தான் பேச வேண்டும். எதைக் கேஸ் ஷீட்டில் எழுதலாம், எதை எழுதினால் வம்பு. சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். ஹவுஸ் சர்ஜனாக இருந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

கேள்வித்தாளை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு ஒரு பழைய ஆய்விலேயே பதில் இருக்கிறது. 1966இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டது. வார்டு மருந்து அலமாரியில் ‘ஆஸ்ட்ரோடென்’ என்று லேபிள் ஒட்டிய ஒரு டப்பாவை வைத்தார்கள். அப்படி ஒரு மருந்தே கிடையாது, உள்ளே இருந்தது வெறும் குளுக்கோஸ். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மி.கி. என்று லேபிளில் தெளிவாக இருந்தது. டூட்டியில் இருக்கும் நர்ஸுக்கு, முன்பின் பார்த்திராத ஒரு டாக்டர் பெயரில் போன் வரும்: இன்ன நோயாளிக்கு 20 மி.கி. கொடுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன். 22 நர்ஸ்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கட்டிலுக்குப் போகும் முன்பே தடுத்து நிறுத்தினார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த ஆய்வைப் பலரும் இதோடு சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதன் இன்னொரு பாதி. இதே சூழ்நிலையைத் தாளில் எழுதி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு சிலரிடம் கேட்டிருந்தார்கள். 12 நர்ஸ்களில் 10 பேர் கொடுக்க மாட்டேன் என்றார்கள். 21 நர்சிங் மாணவிகளும் ஒருவர் விடாமல் மறுத்தார்கள். தாளில் எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள்! நாம் நம் மாணவிகளை இன்றுவரை அனுப்பிக்கொண்டிருப்பது இந்தத் தாளோடுதான்.

11 வருடம் கழித்து, 1977இல், இதை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். இந்த முறை மருந்து நர்ஸ்கள் எல்லோருக்கும் தெரிந்த, பதற்றம் தணிக்கும் வேலியம். பக்கத்தில் இருக்கும் சக நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும் வழி இருந்தது. கடைசியில் 18 பேரில் 2 பேர்தான் அந்தத் தப்பான அளவைக் கொடுக்கத் தயாரானார்கள். மருந்து தெரிந்திருந்ததும் ஒரு காரணம், சந்தேகம் என்று பக்கத்தில் ஒரு ஆளிடம் சொல்ல முடிந்ததும் ஒரு காரணம். முதலாவதற்குத்தான் நாம் வகுப்பு எடுக்கிறோம், இரண்டாவதற்கு என்ன செய்கிறோம்?

2000இல் வந்த இன்னொரு ஆய்வு அறுவை சிகிச்சை அரங்கையும் விமானி அறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. கீழே இருப்பவர் சொல்வதை மேலே இருப்பவர் காதில் வாங்காத படிநிலை வேண்டாம் என்று சொன்ன விமானிகள் 97 சதவீதம். தீவிர சிகிச்சைப் பிரிவினர் 94 சதவீதம். மூத்த அறுவை சிகிச்சை நிபுணர்கள் 55 சதவீதம். களைத்துப் போனாலும் என் வேலை பாதிக்காது என்று நம்பியவர்கள் விமானிகளில் 26 சதவீதம், மூத்த அறுவை சிகிச்சை நிபுணர்களில் 70 சதவீதம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் எடுத்த கணக்கு இது. நம்மூர் ஆபரேஷன் தியேட்டரில் எடுத்தால் எத்தனை வரும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இந்தத் துறையின் போக்கையே திருப்பிப் போட்ட ஆய்வு ஏமி எட்மண்ட்சனுடையது. 1996இல் வெளிவந்தது. நல்ல குழு, நல்ல தலைமை இருக்கும் வார்டில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் அவர் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளுக்குள் போனார். கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. இது என்ன கூத்து என்று, இந்தக் கணக்கு எதுவும் தெரியாத ஒருவரை வார்டுகளுக்குள் அனுப்பி, அங்கே எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்து எழுதச் சொன்னார். புதிர் அவிழ்ந்தது. நல்ல வார்டுகளில் தவறைச் சொல்ல முடிந்தது, அதனால் பதிவானது. மற்ற வார்டுகளிலும் தவறு நடந்தது, வெளியே வரவில்லை. தவறைச் சொன்னால் தனக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கையை உளவியல் பாதுகாப்பு என்று இன்று எல்லா நிர்வாகப் பயிற்சியிலும் முழங்குகிறார்களே, அந்தக் கருத்து முளைத்தது இந்த வார்டுகளில்தான். (1999இல் அவர் அதை விரிவாக நிறுவிய கட்டுரை ஒரு மேசை நாற்காலி தயாரிக்கும் நிறுவனத்தைப் பற்றியது. மருத்துவமனைக்காரர்கள் பலர் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.)

எங்கள் மருத்துவமனையில் இந்த மாதம் ஒரு தவறும் இல்லை என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

இங்கிலாந்து இதற்குக் கொடுத்த விலை பெரிது. பிரிஸ்டல் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சையில் இறப்பு அதிகமாக இருப்பதை அங்கே மயக்க மருந்து கொடுத்துவந்த ஸ்டீபன் போல்சின் என்ற டாக்டர் கணக்கெடுத்துச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்பதாயில்லை. கடைசியில் அவர் ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்துவிட்டார். இயன் கென்னடி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2001இல் வந்தது. 1991இலிருந்து 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்றது அது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. பேச்சு மேலே ஏறாத ஒரு சிறு வட்டம் எல்லா முடிவையும் எடுத்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அதே இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை. அவசர சிகிச்சைக்கு வருபவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. இலக்கு எட்டப்பட்டதாகத் தாளில் காட்ட நேரத்தை மாற்றி எழுதினார்கள். அதை எதிர்த்துப் புகார் கொடுத்த ஹெலீன் டொனலி என்ற நர்ஸுக்குச் சக ஊழியர்களிடமிருந்தே மிரட்டல் வந்தது. இதே மருத்துவமனை, இந்தக் கூத்துகளுக்கு நடுவிலேயே, 2008இல் தன்னாட்சித் தகுதியும் வாங்கியது. அதாவது அதிகாரிகளின் அட்டவணையில் நல்ல பிள்ளை. ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் கொடுத்த அறிக்கையில் 290 பரிந்துரைகள் இருந்தன. திரும்பத் திரும்ப வந்த ஒரே புகார், அங்கே நிலவிய பண்பாடு. நோயாளி தண்ணீர் கேட்டுத் தவித்ததைப் பார்த்தவர்கள் பலர். சொன்னவர்கள் சிலர். கேட்டவர் யாரும் இல்லை.

நாமும் இப்போது தரச்சான்றிதழ்க் காலத்தில்தான் இருக்கிறோம். தேசியத் தர உறுதிச் சான்று, காயகல்ப் விருது, தனியார் பக்கம் என்.ஏ.பி.எச். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிரசவ அறைகள் இன்று பத்து வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் மதிப்பீட்டுக் குழு வரும் வாரத்தில் ரிஜிஸ்டர்கள் எப்படி எழுதி நிரப்பப்படுகின்றன என்பது வார்டில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாஃபோர்டில் நடந்ததும் அப்படி ஒரு நிரப்பல்தான்.

ஆய்வு உலகம் எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எல்லோரும் கேள்வித்தாள்தான் தயாரித்தார்கள். மருத்துவமனைப் பண்பாட்டை அளக்கும் கருவிகள் எத்தனை என்று 2003இல் ஒரு குழு தேடியபோதே 13 கிடைத்தன. 2004இல் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 42 கேள்விகள் கொண்ட நோயாளி பாதுகாப்புப் பண்பாட்டுப் படிவத்தை இலவசமாக வெளியிட்டது. உலகம் முழுக்க, இந்தியாவிலும், அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தவறு செய்தவரைத் தண்டிக்காமல் நடத்துகிறார்களா என்ற பகுதிக்குத்தான் பல நாடுகளில் மிகக் குறைந்த மதிப்பெண். சரி, தெரிந்துகொண்டோம். அதற்கு மேல்?

அங்கேதான் திருப்பம் வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடும்போது செய்ய வேண்டிய ஐந்து விஷயங்களை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். கை கழுவுதல், முழு உடலையும் மூடும் துணி, குளோர்ஹெக்ஸிடின் கிருமிநாசினி, தொடை வழியாகப் போடுவதைத் தவிர்த்தல், தேவை முடிந்ததும் எடுத்துவிடுதல். மூன்று மாதத்தில் தொற்று விகிதத்தின் இடைநிலை, லைன் போட்டிருக்கும் 1000 நாளுக்கு 2.7 என்பதிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. 2006இல் வெளியான இந்த முடிவைப் பார்த்து, ஆகா, ஒரு தாள் போதுமே என்று உலகமே கிளம்பியது. இங்கிலாந்தும் செய்தது. அங்கேயும் தொற்று குறைந்தது, ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் அதே மாதிரிதான் குறைந்துகொண்டிருந்தது.

ஏன் என்று பார்க்க மேரி டிக்சன்-வுட்ஸ் போன்ற சமூகவியலாளர்கள் வார்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதிலேயே பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் இருந்தது. மிச்சிகனில் உண்மையில் வேலை செய்தது தாள் மட்டும் இல்லை. டாக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம் என்ற அனுமதி, அதற்கு மேலிடத்தின் ஆதரவு, பக்கத்து மருத்துவமனை என்ன செய்கிறது என்ற ரோஷம் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன. தாள் கப்பலேறிப் போய்விட்டது, அனுமதி போகவில்லை.

அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியலுக்கும் இதே கதைதான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் முதலில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. 2014இல் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் பார்த்தபோது குறிப்பிடும்படி ஒன்றும் மாறவில்லை. நம்மூர்த் தியேட்டர்களிலும் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. கேஸ் முடிந்த பிறகு மொத்தமாக டிக் அடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

2015இல் இஸ்ரேலில் இன்னொரு வேலை செய்தார்கள். பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் 24 பயிற்சிக்கு வந்திருந்தன. பாதிக் குழுக்களிடம், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமான ஒருவர் அவர்கள் நாட்டு மருத்துவத்தைப் பற்றி மட்டமாகச் சில வார்த்தை பேசினார். அவ்வளவுதான், கத்தவில்லை, திட்டவில்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கணிப்பதிலும் கைவேலையிலும் தெளிவாகப் பின்தங்கின, ஒருவரிடம் ஒருவர் உதவி கேட்பதும் தகவல் பகிர்வதும் குறைந்தது. நோயாளியின் எதிரிலேயே பேராசிரியர் பிஜியை (முதுகலை படிக்கும் மருத்துவரை) திட்டி, பிஜி ஹவுஸ் சர்ஜனைத் திட்டி, அவர் சிஸ்டரைத் திட்டி, சிஸ்டர் ஆயாவைத் திட்டுகிற நம் காலை ரவுண்ட்ஸை நினைத்துக்கொண்டே அந்தக் கட்டுரையைப் படித்தேன். கண்டிப்பு இருந்தால்தான் பையன் கற்றுக்கொள்வான் என்று நம்பும் பேராசிரியர்களுக்கு என் அன்பான வேண்டுகோள்: அதையே ஒரு ஆய்வுக் கேள்வியாக வைத்து ஒரு மாணவருக்குக் கொடுங்கள்.

இந்தத் துறையின் பலவீனத்தை மறைக்க நான் தயாரில்லை. பண்பாட்டை மாற்றினால் சிகிச்சை மேம்படுகிறதா என்று 2011இல் ஒரு குழு 4,000க்கு மேற்பட்ட பதிவுகளைச் சலித்து எடுத்தபோது, தேறியவை இரண்டே இரண்டு ஆய்வுகள். அவற்றின் தரமும் சுமார். 2017இல் ஜெஃப்ரி பிரைத்வெயிட் குழு 62 ஆய்வுகளைத் தொகுத்தது. நல்ல பண்பாடும் நோயாளிக்கு நல்ல பலனும் பெரும்பாலானவற்றில் சேர்ந்தே இருந்தன. சேர்ந்திருக்கின்றன என்பதுவரைதான் சொல்ல முடிகிறது, எது எதைக் கொண்டுவருகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதனால் பண்பாட்டுப் பயிற்சி என்று யாராவது ஐந்து நட்சத்திர ஓட்டலில் இரண்டு நாள் பட்டறை விற்க வந்தால் வாங்காதீர்கள். பார்க்கவும் கேட்கவும் எழுதவும் ஆட்களை அனுப்புங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

நம்மிடம் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த இளைஞரே வந்து சொன்னதால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. தெரிந்ததும் என்ன செய்தோம்? ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுத்தோம். பொறுப்பானவர் பதில் சொல்லத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்களை நீக்கியதும் கோப்பு மூடிக்கொள்கிறது. ஒரு ரத்த வங்கியில் சந்தேகம் வந்த ஆள், இந்தப் பையை நிறுத்துங்கள் என்று யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் என்ன ஆகும், எத்தனை வேலைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன.

அரசு வேலையில் இருக்கும் எவருக்கும் 17(பி) என்றால் என்னவென்று தெரியும். தமிழ்நாடு குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்கான பிரிவு. அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வு நகராது. ஓய்வு பெறும் நாளிலும் தொங்கிக்கொண்டிருக்கும். தவறை எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளே 17(பி)க்குச் சாட்சியாகும் என்ற நிலையில், சிஸ்டர் எதற்காக எழுதுவார்? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி, தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸ்களை நினைத்துப் பாருங்கள். பணி நிரந்தரம் கேட்டுத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள். வேலையே உறுதியில்லாதவரிடம் போய், டாக்டரின் மருந்துச் சீட்டைக் கேள்வி கேளுங்கள் என்று நாற்பது நிமிடம் பாடம் எடுப்பதில் என்ன அர்த்தம்? தனியார் மருத்துவமனைகளில் கதை வேறு மாதிரி. அங்கே தவறைப் பதிவு செய்ய ‘இன்சிடென்ட்’ படிவம் உண்டு, ஆனால் ‘உன் மேல இன்சிடென்ட் போட்டுடுவேன்’ என்பது மிரட்டலாகிவிட்டது.

நமக்கு இது முடியாத வேலையும் இல்லை. பேறுகால இறப்புகள் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் பழக்கத்தை இந்த மாநிலம் முன்கூட்டியே தொடங்கியது. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த இறப்பு, 2018-20இல் 54 ஆனது. அதற்குத் தணிக்கையும் ஒரு காரணம். பெயர் வேண்டாம், பழி வேண்டாம் என்பதுதான் அந்தத் தணிக்கைக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்லும் அடிப்படை. அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த எந்த கிராம செவிலியரிடமாவது, அங்கே பெயரும் பழியும் இல்லாமல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். எப்போது இல்லாமல் இருந்தது, எப்போது இருந்தது, எந்த அதிகாரி தலைமை வகித்தபோது உண்மை வெளியே வந்தது: ஒரு முனைவர் பட்டத்துக்கே இதில் விஷயம் இருக்கிறது.

2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தை எடுத்துப் பாருங்கள். இதை அனுப்புவது தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. மருந்தால் வந்த பக்கவிளைவைச் சொல்பவருக்கு இந்த உறுதி கிடைக்கிறது. மருந்தைக் கொடுத்த விதத்தில் வந்த பிழையைச் சொல்பவருக்கும் அதே உறுதியைக் கொடுக்க என்ன தடை? டென்மார்க் 2004இலேயே சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது, அமெரிக்கா 2005இல்.

மேலைநாட்டுக் கருவிகளுக்குள் அடங்காத சங்கதிகளும் நம் வார்டில் உண்டு. அங்கே நோயாளிக்குத் துணையாள் என்று ஒருவர் கிடையாது. இங்கே பெட்பேன் வைப்பதிலிருந்து டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று ஓடிவந்து சொல்வதுவரை துணையாள்தான் பாதி நர்சிங் செய்கிறார். அவர் சொன்னால் காதில் வாங்குகிறோமா? சக்கர நாற்காலி தள்ளக் காசு, பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்லக் காசு. ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம் ஏன் ஒரு வார்டில் இருக்கிறது, அதே மருத்துவமனையின் அடுத்த வார்டில் ஏன் இல்லை? துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போன பிறகு, ஊசிக் குப்பை தப்பான பையில் கிடப்பதைப் பார்க்கிற தூய்மைப் பணியாளர் யாரிடம் போய்ச் சொல்கிறார்? சாதியும் பால் வேறுபாடும் இந்தப் படிநிலைக்குள் எப்படி நுழைந்துகொள்கின்றன? எந்த அமெரிக்கப் படிவத்தின் 42 கேள்வியிலும் இவை இருக்காது. இவற்றை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

என் மாணவி ஒருத்தி எழுதத்தான் கேட்டாள். டூட்டி மாறும்போது நர்ஸ்கள் எதைச் சொல்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று கூடவே நின்று கவனிக்க வேண்டும் என்றாள். நெறிமுறைக் குழுவில் முதல் கேள்வியே, மருத்துவமனை பெயர் கெட்டால் யார் பொறுப்பு என்பதாக இருந்தது. நோயாளிக்கு இதனால் தீங்கு வருமா என்ற கேள்வி வரவே இல்லை. நெறிமுறைக் குழு எதற்காக இருக்கிறது என்று எனக்கே அன்று சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது ஆட்சேபம், மாதிரி அளவு போதாது, புள்ளியியல் எங்கே என்பது. கடைசியில் அவள் நீரிழிவுக்காரர்களின் கால் பராமரிப்பு அறிவை அளந்து, பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனவே கேட்பது இதுதான். ஒரு வார்டில் மாதக்கணக்கில் கவனித்து, பேட்டி எடுத்து எழுதும் ஆய்வேடு, பி மதிப்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளப்படக் கூடாது என்று கல்விக்குழு எழுத்தில் சொல்ல வேண்டும். அதை மதிப்பிடத் தெரிந்தவர்கள் மருத்துவத் துறையில் குறைவு. சமூகவியல், மானுடவியல் துறையினரை வெளித்தேர்வாளராக அழைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட தலைப்புகளுக்குத் தகவல் திரட்டும் காலத்தையும் கூட்டித் தர வேண்டும், சில வாரத்தில் ஒரு வார்டு தன் முகத்தைக் காட்டாது. நர்சிங் மாணவி ஒருவரும் சமூக மருத்துவமோ மயக்கவியலோ படிக்கும் பிஜி ஒருவரும் ஒரே வார்டை ஒரே நேரத்தில், தனித்தனி ஆய்வேடாக எழுதட்டும். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே, யார் கண்ணுக்கு எது தெரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

மருத்துவக் கல்வி இயக்ககத்திடம் கேட்பது ஒன்றே ஒன்று: ஆய்வுக்காக ஊழியர் சொன்ன எதையும் எந்த மெமோவுக்கும் ஆதாரமாக எடுக்க மாட்டோம் என்ற ஆணை. அது இல்லாமல் வார்டுக்குள் போகிற மாணவியிடம் எல்லோரும் ‘இங்க எல்லாம் நல்லாத்தான் போகுதும்மா’ என்றுதான் சொல்வார்கள். மருத்துவமனை பெயர் வெளியே வரும் என்ற கவலைக்கும் நம்மிடமே மருந்து இருக்கிறது. இத்தனை வருடமாக எல்லா ஆய்வேட்டிலும் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மருத்துவமனை’ என்றுதானே போட்டுக்கொண்டிருக்கிறோம்? அந்த வழக்கம் முதல்முறையாக ஒரு உருப்படியான காரியத்துக்குப் பயன்படட்டும்.

வருகிற முடிவுகளை வைத்து மருத்துவமனைகளைத் தரவரிசைப் படுத்திவிடாதீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பண்பாட்டுக்கு ஒரு மதிப்பெண், அந்த மதிப்பெண்ணுக்கு ஒரு விருது என்று ஆரம்பித்தால், அடுத்த மாதமே எல்லா வார்டிலும் எல்லோரும் மனம் திறந்து பேசுவதாக ரிஜிஸ்டர் தயாராகிவிடும்.

அடுத்த ஆண்டுக்கான தலைப்புப் பதிவு தொடங்கும் முன்பே ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டால், இப்போது முதலாண்டில் இருக்கும் மாணவிகளுக்குப் பயன்படும். கல்விக்குழுவில் வைக்க வரைவு ஏதும் தேவைப்பட்டால், ஒப்புதல் படிவம், தகவல் பாதுகாப்பு நெறிமுறை உட்பட என்னிடம் தயாராக இருக்கிறது. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
நர்சிங் கல்லூரி ஆசிரியர் ஒருவர்